தடைக்காலத்தில் தீப்பெட்டி தேடிய கதை

நம் வனச்சரக அலுவலகத்தில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆறு பேருக்கும்,

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்று, வழியனுப்பு விழாவில் போர்த்திய சால்வையை மடித்து வைத்துவிட்டு எழுத உட்காருவார்கள். எனக்கு அதற்கு இன்னும் இருபத்தைந்து வருடம் இருக்கிறது. இப்போது வந்திருப்பது மாற்றல் உத்தரவு மட்டும்தான். வருகிற திங்கட்கிழமை முதல் வேறொரு மாவட்டத்தில் ஒரு நாற்காலியும் ஒரு மின்விசிறியும் எனக்காகக் காத்திருக்கின்றன. மதுரைப் பக்கத்துக் கரடுகளில், அந்தச் சின்னப் பாறைக் குன்றுகளில், எட்டுக் கோடைகள் தீக்குப் பின்னால் ஓடியவளுக்கு மின்விசிறி பெரிய விஷயம்தான்.

ஒப்படைக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன். தீ அடிக்கும் மட்டைகள், ஒலிபெருக்கி, வரைபடங்கள், பதிவேடுகள், எந்த ஊரில் யாரைக் கூப்பிட்டால் வருவார்கள் என்ற தொலைபேசி எண்கள். எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. பட்டியலில் சேர்க்க முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது நான் செய்த தவறு. நீங்களும் செய்வீர்கள். அதைத் தடுப்பது என் நோக்கமில்லை. கொஞ்சம் சீக்கிரமாகச் செய்து முடித்துவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

பயிற்சியில் உங்களுக்குத் தீ முக்கோணம் நடத்தியிருப்பார்கள். எரிபொருள், காற்று, வெப்பம். நானும் அதில் முழு மதிப்பெண் வாங்கியவள்தான். அந்த முக்கோணத்தில் ஆள் கிடையாது. ஆனால் நம் பக்கத்தில் தீ தானாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் வரப்புப் புல்லை எரிக்கிறார். யாரோ குப்பையைக் கொளுத்துகிறார். மாசி பிறந்து வெயில் ஏறிவிட்டால் கரட்டில் புல் சருகாகி நிற்கும். பதினோரு மணிக்கு மேல் கிழக்கிலிருந்து கீழ்க்காற்று கிளம்பும். வரப்பில் வைத்தது கரட்டில் ஏறும். கரட்டில் ஏறினால் பின்னாலுள்ள மலைக்காட்டுக்குப் போய்விடும். அப்புறம் மூன்று நாள் நமக்கு வீடு கிடையாது.

அதனால்தான் மாசிக் கடைசியிலிருந்து கோடை மழை வரை கரட்டடி ஊர்களில் திறந்தவெளியில் தீ வைக்கத் தடை போடுகிறோம். நான் வந்தபோது அந்தத் தடை ஆணை நாலு வரிதான் இருந்தது. என் மூன்றாம் வருடத்தில் அதைத் திருத்தி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. என்னிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று என் அம்மாவைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார். நான் ஊருக்குக் கிளம்பினால்கூட எடுத்துப் போக வேண்டியதற்கு ஒரு பட்டியலும், எடுத்துப் போகக் கூடாததற்கு ஒரு பட்டியலும் எழுதுகிறவள்.

ஆணையில் எரிக்கக்கூடாதவை பதினேழு வந்தன. கரும்புச் சோகை, நெல் தாள், வரப்புப் புல், வேலிக் கருவேல முள், தென்னை மட்டை என்று வரிசையாகப் போய், பதினேழாவதாகக் 'காய்ந்த பூமாலைகள்' என்று முடிந்தது. மீறினால் வழக்கு. தடையை மீறி எரியும் தீயின் அருகில் காணப்படுபவரே அதை வைத்தவராகக் கருதப்படுவார் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை எழுதிய அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு இறுக்கமான வரி! தப்பிக்க இடமே இல்லை.

அதை எடுத்துக்கொண்டு ஆமைக்கரட்டுப்பட்டிக்குப் போனோம். ஆமைக்கரட்டின் கிழக்கடியில் இருக்கும் ஊர் அது. கிணற்றுப் பாசனத்தில் கரும்பு, கொஞ்சம் நெல், மீதி தரிசு. டீக்கடை முன்னால் கூட்டம் போட்டு, பதினேழையும் ஒலிபெருக்கியில் வாசித்தேன். கருத்தபாண்டி என்பவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று ஏக்கர் விவசாயம், ஊருக்கே பேசும் வாய். நான் முடித்ததும் எழுந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். பூமாலை கூடாதுன்னீக. பூ மட்டும்னா?"

"அதுவும் கூடாது."

"அப்ப பதினெட்டாவதா எழுதிக்கங்க. பிறகு நாங்க தெரியாமத் தப்புப் பண்ணிரக் கூடாதுல்ல."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டேன். அங்கேதான் நான் கோட்டை விட்டது.

அடுத்த வாரம் அதே ஊரில் ஒருவர் பழைய பஞ்சு மெத்தையைக் கொளுத்திவிட்டார். கேட்டதற்கு ஆணையை எடுத்து நீட்டினார். "மெத்தை இல்லையே மேடம் இதுல? ரெண்டு தரம் படிச்சுப் பாத்துட்டுத்தான் வச்சேன்." மெத்தையைச் சேர்த்தேன். அப்புறம் சாக்கு. அப்புறம் உடைந்த கட்டில். பங்குனி பாதியாகும்போது பட்டியல் இருபத்து மூன்றில் நின்றது. அந்த ஊரில் எனக்கு 'லிஸ்ட்டு மேடம்' என்று பெயர். எங்கள் ஜீப் ஓட்டுநர் அண்ணன் இதை என்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்து, கடைசியில் சொல்லாமல் இருக்க முடியாமல் சொன்னார்.

ஆனால் பதிவேட்டில் நிலைமை நன்றாகத்தான் தெரிந்தது. யாரும் பிடிபடவில்லை. எங்கள் ஜீப்பின் புழுதி தெரிந்தாலே காட்டில் ஆள் இருக்காது. சின்னச் சின்னத் தீக்கள் மட்டும் அங்கங்கே எரிந்துகொண்டிருக்கும். மதியம் ஒரு மணிக்கு, நாங்கள் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து. போய்ப் பார்த்தால் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. ஜனங்களுக்குப் பயம் வந்துவிட்டது, ஆணை வேலை செய்கிறது என்று மாத அறிக்கையில் எழுதினேன். அந்த அறிக்கையும் கோப்பில்தான் இருக்கிறது. அலுப்பாக இருக்கும் நாளில் எடுத்துப் படித்துச் சிரியுங்கள்.

இனி செல்வராணி அக்காவுக்கு வருகிறேன்.

செல்வராணிக்கு ஆமைக்கரட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர் கரும்புத் தோட்டம். கரட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதை மட்டும்தான். கணவர் மதுரை செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். தோட்டம் முழுக்க அக்காவின் பொறுப்பு. சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு மாசியில் வர வேண்டியது, தள்ளித் தள்ளிப் பங்குனியில் வந்தது. கரும்பை வெட்டி ஏற்றி அனுப்பிய மறுநாள், தீ வைக்க அனுமதி கேட்கும் மனுவோடு, இரண்டு பஸ் மாறி நம் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

கரும்பு வெட்டியபின் நிலம் முழுக்கக் காய்ந்த இலையான சோகை முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். அதை உடனே எரித்துத் தண்ணீர் பாய்ச்சினால், வெட்டிய கட்டையிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். அதுதான் மறுதாம்பு. புதிதாக உழுது விதைக் கரணை நடாமலே அடுத்த வருடக் கரும்பு. தள்ளிப் போட்டால் தளிர் சோகைக்குள்ளேயே முளைத்துவிடும். அதற்கப்புறம் எரித்தால் தளிரும் சேர்ந்து போகும். அக்காவுக்கு அந்த வருடம் இருந்தது அந்த மறுதாம்பு ஒன்றுதான்.

"காலையில ஆறு மணிக்கு, காத்து எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வச்சிருவேன் மேடம். நாலு பேரு தீயை அடிக்கப் பச்சக் கொப்போட சுத்தி நிப்போம். ஒரு மணி நேரம். உடனே மோட்டாரப் போட்டுத் தண்ணியப் பாய்ச்சிருவேன். பதினஞ்சு வருசமா அப்படித்தான் வைக்கேன். பாதையத் தாண்டி ஒரு பொறி போனதில்ல."

"அக்கா, சோகை பட்டியலில் முதலாவதா இருக்கு."

"இருக்கட்டும். எரிக்கலேன்னா என்ன செய்யச் சொல்றீக?"

நான் தயாராக வைத்திருந்த துண்டறிக்கையைக் கொடுத்தேன். சோகையை எரிக்காமல் நிலத்திலேயே மூடாக்காக விட்டால் வரும் நன்மைகள் எட்டு. அக்கா எட்டையும் பொறுமையாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீக. இத எலிக்குப் படிச்சுக் காட்டுனா சோகைக்குள்ள வராம இருக்குமா?"

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

"நான் எலிக்குப் பயந்து சொல்லல மேடம். பங்குனி வெயில்ல காஞ்ச சோகை வெடிமருந்து. அதைக் கரட்டடியில போட்டு வச்சுக்கிட்டு மழை வாரவரைக்கும் நான் காவல் இருக்கணும்கிறீக. எவனாச்சும் ஒரு பீடியப் போட்டாப் போதும்."

அவர் சொன்னது சரி. சொல்லும்போதே சரி என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒருவருக்கு அனுமதி கொடுத்தால் நாளைக்கு நாற்பது பேர் வந்து நிற்பார்கள் என்ற பயமும் இருந்தது. மனுவின் மேல் 'மறுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி. நீங்க கூடாதுன்னா நான் வைக்கல. ஆனா ஒருத்தி வந்து சொன்னான்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

அவர் திருட்டுத்தனமாக எரிப்பார் என்றுதான் நினைத்தேன். இரண்டு தடவை ஜீப்பை அனுப்பிப் பார்த்தேன். சோகை அப்படியே கிடந்தது. ஊரில் ஆணையை முழுதாக மதித்த ஒரே ஆள் செல்வராணிதான். என் வேலையில் நான் செய்த பெரிய தவறு எது என்று கேட்டால், அந்த மனுவை மறுத்தது என்பேன். சொன்ன பேச்சைக் கேட்பவரையே தண்டிக்கும் ஆணை அது.

பன்னிரண்டு நாள் கழித்து, மதியம் ஒன்றேகாலுக்கு ஆமைக்கரட்டுப்பட்டிப் பக்கம் புகை தெரிந்தது. நாங்கள் நாலு பேர், ஓட்டுநர் அண்ணனையும் சேர்த்து. போய் இறங்கும்போது கிழக்கே யாரோ ஒருவரின் வரப்பில் தொடங்கிய தீ, தரிசுக் காட்டுக்குள் இறங்கி அகலமாகிவிட்டிருந்தது. காற்று நேராகக் கரட்டைப் பார்த்து. தீக்கும் கரட்டுக்கும் நடுவில் செல்வராணியின் ஒன்றரை ஏக்கர் காய்ந்த சோகை.

தீயணைப்பு வண்டி வேறொரு தீக்குப் போயிருந்தது. இங்கே வர நாற்பது நிமிடமாவது ஆகும் என்றார்கள். தீ தோட்டத்துக்கு வந்து சேரப் பதினைந்து நிமிடம் போதும். ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. பனைமரங்களுக்குப் பின்னால் தலைகள் தெரிந்தன. நாங்கள் பார்த்ததும் மறைந்தன.

அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. முன்பெல்லாம் ஒருவர் தீ வைத்தால் அடுத்த தோட்டக்காரர் கொப்பை ஒடித்துக்கொண்டு வந்து நிற்பார். அது இவர்கள் வழக்கம். தீ தன் வரப்புக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் பிறந்த வழக்கம். தீயின் அருகில் நிற்பவரே வைத்தவர் என்று எழுதி நான் அதை ஒரே வரியில் ஒழித்துவிட்டேன். தீ வைப்பது நிற்கவில்லை. வைத்துவிட்டு நிற்பதுதான் நின்றுபோயிற்று. மதியம் ஒரு மணிக்கு எரிந்த அத்தனை தீயும் வைத்தவுடன் கைவிடப்பட்டவை. அதைத்தான் நான் பதிவேட்டில் வெற்றி என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த நிமிடத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. வண்டிப்பாதையில் ஆள் நிறுத்தி, தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் நாங்களே தீ வைக்க வேண்டும். காற்றுக்கு எதிரே போகும் தீ குட்டையாக, மெதுவாகப் போகும். பெரிய தீ வந்து சேரும் முன் சோகையைத் தின்று வைத்துவிட்டால், அதற்கு மேல் எரிய எதுவும் இருக்காது. பாதையைத் தாண்டி விழும் பொறிகளை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நாலு பேர் போதாது. முப்பது பேர் வேண்டும்.

செல்வராணி மோட்டார் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, தோட்டத்தை எரிக்கணும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். குனிந்து சோகையைக் கையால் விலக்கிக் காட்டினார். உள்ளே நாலு விரல் உயரத்துக்குப் பச்சைத் தளிர். நெருக்கமாக, வரிசையாக.

"அன்னைக்கு வெறுங்கட்டை. இன்னைக்குப் பச்சப்புள்ள மாதிரி நிக்குது. இதை எரிக்கணும்கிறீக."

"ஆமாக்கா."

"வைக்கலேன்னா நிச்சயமா வந்துருமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நிச்சயம் என்று சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் காற்று தணியலாம். நடுவில் வறண்ட வாய்க்கால் ஒன்று இருந்தது, தீ அங்கே தயங்கலாம். ஒன்றுமே நடக்காமல் போகவும் வழி இருந்தது. அப்படியானால் ஒரு பெண்ணின் ஒரு வருடத்தை நான் சும்மா எரித்தவள் ஆவேன்.

"நிச்சயமில்லக்கா. வரும்னுதான் நினைக்கேன். நினைக்கிறது மட்டும்தான்."

"இம்புட்டு நாளும் எல்லாத்தையும் நிச்சயமாத்தான சொன்னீக?" என்றார். அப்புறம் கிழக்கே புகையைப் பார்த்தார், மேற்கே கரட்டைப் பார்த்தார். "இப்பத்தான் தங்கச்சி நீ நம்புற மாதிரி ஒண்ணு சொல்லியிருக்க. வையி."

நான் திரும்பி எங்கள் ஆட்களிடம் தீப்பெட்டி கேட்டேன்.

ஒருவரிடமும் இல்லை. ஏனென்றால் தடைக்காலத்தில் பணியாளர்கள் எவரும் தீப்பெட்டி, லைட்டர் வைத்திருக்கக் கூடாது என்று நான்தான் தனியாக ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தேன். வழக்கமாகப் பீடி பிடிக்கும் ஓட்டுநர் அண்ணன் இரண்டு சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். "நீங்கதானம்மா பிடுங்கி அலமாரியில வச்சுப் பூட்டுனீக? சாவி உங்ககிட்டத்தான் இருக்கு." கொத்துச்சாவி உண்மையிலேயே என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அலமாரி இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

செல்வராணி கொட்டகைக்குள் போய்ச் சாமி படத்துக்கு முன்னால் இருந்த தீப்பெட்டியை எடுத்து வந்தார்.

"தீ வைக்காதன்னு சொல்ல வந்தவுக எங்கிட்ட வந்து தீப்பெட்டி கடன் கேக்குறீக. இந்தாங்க. இது லிஸ்ட்டுல எத்தனையாவது?"

வாங்கிக்கொண்டேன். அடுத்து ஆட்கள். ஒலிபெருக்கியை எடுத்துப் பனைமரங்களைப் பார்த்துச் சொன்னேன்: "எல்லாரும் வாங்க. யார் வச்சதுன்னு கேட்க மாட்டேன். யார் மேலயும் கேஸ் வராது." அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. அது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஒரு தலைகூட அசையவில்லை.

செல்வராணி என் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"ஏப்பா! வைக்கத் தெரிஞ்ச ஆளுகளுக்கு வரத் தெரியாதா? லிஸ்ட்டு மேடமே தீ வைக்கப் போறாக! எந்தோட்டத்துல! அடிக்க வராட்டியும் பரவாயில்ல, வேடிக்க பாக்கவாச்சும் வாங்கடா!"

முதலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு தலை. அப்புறம் கூட்டமாக ஓடிவந்தார்கள். வரும் வழியிலேயே ஆவாரங்கொப்பும் வேப்பங்கொப்பும் ஒடித்துக்கொண்டு. பெண்கள் நனைத்த சாக்கோடு வந்தார்கள். வண்டிப்பாதையில் எங்கே நிற்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆளுக்குப் பத்தடி விட்டுத் தாங்களாகவே நின்றார்கள். எத்தனை வருடமாக நின்றவர்கள்! என் ஒரு மாதத் தடையில் மறந்துவிடவில்லை.

கூட்டத்தில் கருத்தபாண்டியும் வந்தார். நேராகச் செல்வராணிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அக்கா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்ன மாப்ள, புருவத்த வீட்லயே வச்சிட்டு வந்துட்டியா?"

இரண்டு புருவமும் கருகியிருந்தன. முன்நெற்றி முடியும். இங்கே இன்னும் யாரும் தீயை நெருங்கவேயில்லை.

"அடுப்படியில டீ போட்டேன்க்கா," என்றார் கருத்தபாண்டி.

"எம்புட்டுப் பெரிய டீ!"

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மும்முரமாகக் கரட்டைப் பார்த்தார்கள். நானும் கரட்டைத்தான் பார்த்தேன். சற்று முன் ஒலிபெருக்கியில் சொன்ன வாக்குக்கு அதுதான் முதல் சோதனை.

குனிந்து தீ வைத்தேன். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பிடித்தது.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் பயிற்சிக் கையேட்டில் படித்துக்கொள்ளலாம். எங்கள் தீ காற்றுக்கு எதிரே முனகிக்கொண்டு நகர்ந்தது. பெரிய தீ வாய்க்காலில் தயங்கவே இல்லை, தாவி வந்தது. மூன்று இடத்தில் பொறி பாதையைத் தாண்டிக் கரட்டுப் புல்லில் விழுந்தது. மூன்றையும் அடித்தார்கள். எல்லோரையும்விடக் கருத்தபாண்டிதான் அதிகம் அடித்தார். அணைந்த இடத்தையும் அடித்தார். "போதும் மாப்ள, செத்துப்போச்சு, விடு" என்று யாரோ கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டு தீயும் தோட்டத்தின் நடுவில் சந்தித்து, ஆளுயரத்துக்கு ஒருமுறை எழும்பி, எரிய ஒன்றும் இல்லாமல் அடங்கின. தீயணைப்பு வண்டி வந்தபோது அதிலிருந்த தண்ணீரில் நாங்கள் முகம் கழுவிக்கொண்டோம்.

செல்வராணி கரியான தோட்டத்தில் இறங்கி ஒரு கட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். தளிர் ஒன்றும் மிச்சமில்லை. போய் மோட்டாரைப் போட்டார். நல்லவேளை, கரண்ட் இருந்தது. சாயங்காலம் வரை மடை மாற்றி மாற்றி நனைத்தார். கட்டைக்குள் உயிர் இருந்தால் இன்னொரு தடவை முளைக்கும். இருக்கிறதா என்று இரண்டு வாரம் போனால்தான் தெரியும்.

அந்த இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு மெமோ வந்தது. சம்பவ அறிக்கையில் 'தீ வைத்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். பொய் இல்லை. அன்று அந்தத் தோட்டத்தில் தீ வைத்தது நான்தான். முதல் தீயை வைத்தவர் யார், ஏன் குறிப்பிடவில்லை என்று கேட்டிருந்தார்கள். 'கேட்க மாட்டேன் என்று சொல்லி உதவிக்கு அழைத்தேன். வந்தார்கள். ஆகவே கேட்கவில்லை' என்று பதில் எழுதினேன். அப்போதைய மேலதிகாரி அதிகம் பேசாதவர். பதிலைப் படித்தார், என் இருபத்து மூன்று அம்ச ஆணையை எடுத்துப் புரட்டினார், மேசையில் போட்டார்.

"அடுத்த வருச ஆணையையும் நீயே எழுது. ஒரு பக்கத்தைத் தாண்டுச்சுன்னா கையெழுத்துப் போட மாட்டேன்."

மெமோ பற்றி அதற்குமேல் பேச்சில்லை. பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப் போனது அதனால்தானா என்று நான் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பதில் அந்த மாதம் எனக்கு நல்ல பழக்கம் ஆகிவிட்டிருந்தது.

பதினேழாம் நாள் தோட்டத்துக்குப் போனேன். என் வீடு இருக்கும் ஆனையூரிலிருந்து அதிகாலையில் என் ஸ்கூட்டியில், அலுவலக வண்டி எடுக்காமல். பாதிக்கு மேல் முளைத்திருந்தது. கரட்டோரம் சில வரிசைகள் வரவேயில்லை. அங்கே கருத்தபாண்டி குனிந்து, தன் தோட்டத்துக் கரும்புக் கரணைகளை இடைவெளிகளில் நட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"சும்மா இருந்தேன் மேடம். அதான்."

"ரொம்பச் சும்மா இருக்கான்," என்றார் வரப்பில் நின்ற செல்வராணி. "நாலு நாளா இங்கதான் சும்மா இருக்கான். நீங்க என்ன, தங்கச்சி, தளிரை எண்ண வந்தீகளா? எண்ணிக்கங்க. எழுதிராதீக."

அடுத்த மாசியில் புது ஆணை வந்தது. நீங்கள் பார்த்திருக்கும் அந்த அரைப் பக்கம். காலை ஆறு முதல் எட்டு வரை, காற்று இல்லாத நாளில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வைக்கலாம். நாலு பேர் அணையும் வரை நிற்க வேண்டும். நிற்பவர் மேல் எந்த நடவடிக்கையும் கிடையாது, விட்டுவிட்டுப் போனவர் மேல் மட்டும் உண்டு. எதை எரிக்கலாம், எதை எரிக்கக் கூடாது என்ற பட்டியல் இல்லை. அதை எழுதாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாற்பது பேர் வந்து நிற்பார்கள் என்று பயந்தேன் அல்லவா? முதல் நாள் ஒருவர்தான் வந்தார். கருத்தபாண்டி. வரப்புப் புல் எரிக்க அனுமதி வேண்டும் என்றார். நிற்கப் போகிறவர்கள் பெயர் கேட்டேன். தன் பெயரைச் சொன்னார். தம்பி பெயரைச் சொன்னார்.

"செல்வராணி அக்கா. அது நிக்கலேன்னா எனக்கே பயமா இருக்கும் மேடம்."

"நாலாவது?"

அவர் தலையைச் சொறிந்தார். "இன்னொருத்தனச் சொன்னேன், கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றம் போறானாம். காலையில ஆறு மணிக்கு யாரு வாரா?" என்று இழுத்துவிட்டு, மேசையைப் பார்த்தபடி கேட்டார். "உங்களுக்கு அந்நேரம் வேலை ஏதும் இருக்கா?"

நாலாவது கோட்டில் என் பெயரை எழுதினேன். மறுநாள் ஆறு மணிக்கு அவர் வரப்பில் போய் நின்றேன். வேப்பங்கொப்பை அவரே ஒடித்து, கைப்பிடிக்கு இலையை உருவிவிட்டு என் கையில் கொடுத்தார்.